சைக் போஸ்டிங் முடிந்தது: பயம் போய்விட்டது, ஆசை மட்டும் வரவில்லை. உங்களுக்கும் இப்படித்தானா?

கஞ்சிபோட்ட யூனிஃபார்ம் | ஞாயிறு, இரவு 8:50

வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நான்கு வார மனநல வார்டு போஸ்டிங் நேற்றோடு முடிந்தது. எந்தக் கல்லூரி, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். நோயாளிகளைப் பற்றி எழுதும் இடத்தில் ஊர், வயது, தொழில் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன்.

போவதற்கு முன் சீனியர்கள் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: வளையல் போடாதே, கொண்டையை இறுக்கிக் கட்டு, பேனாவைப் பாக்கெட்டில் வைக்காதே, யாருக்கும் முதுகு காட்டி நிற்காதே. நர்ஸ்-நோயாளி உறவைப் பற்றிய பெப்லாவின் தியரியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்போம். ஆனால் முதல் நாள் எங்களை உள்ளே விட்டு வார்டுக் கதவைத் திரும்பப் பூட்டினார்கள் பாருங்கள், அந்தப் பூட்டுச் சத்தத்தில் பத்துப் பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். எதிர்க் கட்டிலில் இருந்த ஒரு அக்கா எங்களைப் பார்த்துவிட்டு, "போன மாசம் வந்த பொண்ணுங்களும் இதே சுவத்துலதான் நின்னாங்க. உக்காருங்கம்மா, கடிக்க மாட்டோம்" என்றார். நான்கு வாரத்தில் நான் அதிகம் பேசியது அந்த அக்காவோடுதான்.

எம்.எஸ்.இ. (மனநிலைப் பரிசோதனை) எடுக்கும்போது பழமொழி கேட்க வேண்டும், தெரியும்தானே? நானும் அந்த அக்காவிடம் "அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும், இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அம்மி நகரும், சரி. அடிக்கிறவ கை என்னாகும்னு ஏன் யாரும் கேக்க மாட்டேங்கறீங்க?" என்றார். எனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. புத்தகத்தில் இருக்கும் பதில் வரவில்லையே என்று 'சிந்தனை: கான்க்ரீட்' என எழுதிவிட்டேன், அதாவது சொல்லின் நேர் அர்த்தத்தைத் தாண்டவில்லை என்று.

இ.சி.டி., அதாவது மின்சார ஷாக் சிகிச்சை பார்த்ததையும் சொல்ல வேண்டும். முந்தின இரவு எனக்குத் தூக்கமே இல்லை. சினிமாவில் பார்த்ததுதான் மனதில் ஓடியது: கட்டிப்போட்டு, அலறவிட்டு. உண்மையில் நடந்தது வேறு. வயதான ஐயா ஒருவர். காலையிலிருந்து வெறும் வயிறு. பல்செட்டைக் கழற்றி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வைத்தது என் வேலை. மயக்க மருந்து, பிறகு தசையைத் தளர்த்தும் ஊசி, வாயில் ஒரு ரப்பர் துண்டு. கால் விரல்கள் மட்டும் லேசாகத் துடித்தன, ஒரு நிமிடம்கூட இல்லை. கொஞ்ச நேரத்தில் கண் விழித்து, இங்கே எப்படி வந்தோம் என்பதுபோல் சுற்றிப் பார்த்துவிட்டு டீ கேட்டார். மூன்று வாரமாகச் சாப்பாட்டைத் தொடாத மனுஷர் அவர். ஐந்தாவது தடவைக்குப் பிறகு, இட்லிக்குச் சட்னி சரியில்லை என்று சண்டை போட்டார். அன்றைக்கு வார்டில் எங்களுக்கு அது திருவிழா.

ஆக, பயம் சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் கடைசி நாள் இன்சார்ஜ் சிஸ்டர் "படிப்பு முடிஞ்சு இங்க வேலைக்கு வர யாருக்கு ஆசை?" என்று கேட்டபோது பத்துப் பேரில் ஒரு கைகூட உயரவில்லை. என் கையும்தான். பஸ்ஸில் வரும்போது அதை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. பிடித்துப்போன இடத்துக்கு வர ஏன் மனம் வரவில்லை?

நைட் டூட்டி அக்கா | ஞாயிறு, இரவு 10:15

தங்கச்சி, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உனக்குப் பிடித்தது அங்கே இருந்த மனிதர்களை. வேலையைப் பிடிக்கவில்லை. இரண்டும் வேறு வேறு.

நீங்கள் வந்தது காலை எட்டிலிருந்து மதியம் வரை. இராத்திரி இரண்டு மணிக்கு அந்த வார்டு எப்படி இருக்கும் என்று யாரும் உங்களுக்குக் காட்டியிருக்க மாட்டார்கள். இடுப்பில் சாவிக்கொத்து, சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்பூன் எண்ணிக்கை, தூங்காமல் நடந்துகொண்டே இருப்பவருக்கு அமைதிப்படுத்த ஹாலோபெரிடாலும் ஃபினர்கனும், அந்த ஊசியைப் போட ஆள் பிடிக்க அட்டெண்டரைத் தேடுவது, அதே நேரத்தில் மூலையில் ஒருத்தி போர்வைக்குள் சத்தம் வராமல் அழுவது. அழுகிறவளிடம் போய் உட்கார வேண்டும் என்பது எனக்குத் தெரியும். உட்கார ஆள் வேண்டாமா?

நான் இந்தத் துறைக்கு வந்தது போஸ்டிங்கால் அல்ல. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது நான் நர்சிங் மாணவி. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்துப் போனார்கள். ஹாஸ்டல் டிவியில் அந்தச் சங்கிலியைக் காட்டினார்கள். ஒருத்தியும் அன்று சாப்பிடவில்லை. அடுத்த மாதம் எங்களுக்குச் சைக் போஸ்டிங். போஸ்டிங் எனக்குச் சுமாராகத்தான் இருந்தது, உண்மையைச் சொன்னால் போர் அடித்தது. ஆனால் சங்கிலி மனதை விட்டுப் போகவில்லை. அதனால் வந்தேன், 20 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இன்னொன்று, காசு. ஐ.சி.யூ. அனுபவம் இருந்தால் வெளிநாட்டு ஏஜென்ட் நாளைக்கே போன் போடுவான். மனநல வார்டு அனுபவம் என்றால் "வேற ஏதாவது இருக்கா சிஸ்டர்?" என்பான். உன் பத்துப் பேரில் பாதிப் பேர் கையைக் கீழே பிடித்து வைத்தது இதுதான்.

ஹவுஸ்சர்ஜன் தூக்கமில்லை | ஞாயிறு, இரவு 11:40

எங்கள் பக்கம் இது தலைகீழ் கதை, அதனால் எழுதுகிறேன்.

எம்.பி.பி.எஸ். முதல் வருடம் அனாட்டமி ஹாலில் உடலுக்குப் பூ வைத்துக் கும்பிட்ட ஆட்கள் நாங்கள். இப்போது "பெட் 14 என்ன ஆச்சு?" என்று கேட்கிறோம். பெட் 14-க்குப் பெயர் உண்டு, எனக்குத்தான் ஞாபகம் இருப்பதில்லை. இது எனக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. அமெரிக்காவில் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரி மாணவர்களை வைத்து ஹோஜத் குழுவினர் 2009-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதல் இரண்டு வருடம் மாணவர்களின் பரிவு பெரிதாக மாறவில்லை. மூன்றாவது வருடம், அதாவது வார்டுக்குப் போய் உண்மையான நோயாளியைப் பார்க்க ஆரம்பிக்கும் வருடத்தில்தான் சரிகிறது. எந்த வருடத்தில் வளர வேண்டுமோ அந்த வருடத்திலேயே.

உங்களுக்கு மட்டும் ஏன் வளர்ந்தது? என் கணிப்பு: மனநல வார்டில் பேசுவதுதான் வேலை. வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு நகர முடியாது. சர்ஜரி ரவுண்ட்ஸில் நான் நோயாளியோடு ஐந்து நிமிடம் பேசினால் "அங்க என்ன கதை?" என்பார்கள். உங்களுக்கு அந்தக் கதைதான் சிலபஸ். எனக்கும் சிஆர்ஆர்ஐ-யில் (படிப்பு முடிந்த பிறகு கட்டாயப் பயிற்சி) சைக்யாட்ரி இரண்டே வாரம். அந்த இரண்டு வாரம் மட்டும் எல்லோர் பெயரும் தெரிந்திருந்தது.

இ.சி.டி. பற்றி ஒரு வரி, படிக்கிறவர்களுக்காக: மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் அதைக் கொடுப்பதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு தடை செய்கிறது. அக்கா சொன்ன சங்கிலியும் அதே பிரிவில்தான் வருகிறது: எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது.

ஊசி_பயம் | ஞாயிறு, இரவு 11:52

டாக்டர், நீங்கள் முதலில் போய்த் தூங்குங்கள்.

சிவப்புப் பேனா | திங்கள், காலை 6:30

நான் உங்கள் எதிர்க்கட்சி. ஒரு நர்சிங் கல்லூரியில் டியூட்டர், மாணவிகளை வார்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவள்.

ஆஸ்திரேலியாவில் ப்ரெண்டா ஹாப்பெல் என்ற பேராசிரியர் 1990களிலேயே நர்சிங் சேர்ந்த மாணவர்களிடம், எந்தத் துறையில் வேலை செய்ய ஆசை என்று வரிசைப்படுத்தச் சொன்னார். மனநலம் கிட்டத்தட்ட அடியில் கிடந்தது. அது ஆஸ்திரேலியா, அங்கே ஏஜென்ட் பிரச்சினை கிடையாது. அதனால் எல்லாவற்றையும் சம்பளத்தின் மேல் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். போஸ்டிங் போய் வந்தபின் நோயாளிகளைப் பற்றிய எண்ணம் மாறுவதை நானே எல்லா பேட்சிலும் பார்க்கிறேன். துறையைப் பற்றிய எண்ணம் மாற, அந்தத் துறையில் சந்தோஷமாக வேலை செய்யும் ஒரு ஆளையாவது அவர்கள் பார்க்க வேண்டும். யாரைப் பார்க்கிறார்கள்? மூன்று ரெஜிஸ்டருக்கு நடுவில் தலை நிமிராமல் எழுதும் ஸ்டாஃபை. அப்புறம் என்னை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் மனநல வார்டில் ஒரு நாள்கூட ஸ்டாஃபாக வேலை பார்த்ததில்லை. படித்தேன், கற்பிக்கிறேன், அவ்வளவுதான். போஸ்டிங்கில் என் கண் நோயாளி மேல் இருக்காது, ரெக்கார்டு மேல்தான் இருக்கும். ஹிஸ்டரி, எம்.எஸ்.இ., ப்ராசஸ் ரெக்கார்டிங், கேர் ப்ளான், கேஸ் ப்ரசன்டேஷன், ட்ரக் ஃபைல், ஹெல்த் டாக் என்று நான்கு வாரத்தில் பிள்ளைகள் எழுதிக் குவிப்பதைப் பார்த்தால் நோயாளியே இவர்களைப் பார்த்துப் பரிதாபப்படுவார். விளைவு? சீனியர் ரெக்கார்டைப் பார்த்துக் காப்பி. என் மேஜைக்கு ஒரே 'திரு. எக்ஸ்' மூன்று வருடமாக வந்துகொண்டிருக்கிறார். அவருக்கு வயதும் ஏறவில்லை, வியாதியும் இறங்கவில்லை.

யூனிஃபார்ம், அந்த அம்மி பதிலுக்கு 'கான்க்ரீட்' என்று எழுதினாயே, உங்கள் டியூட்டர் திருத்தவில்லையா? அந்த அம்மாள் பழமொழிக்குள் போய் மறுபக்கமாக வெளியே வந்திருக்கிறார். அதற்குப் பெயர் கான்க்ரீட் இல்லை.

கஞ்சிபோட்ட யூனிஃபார்ம் | திங்கள், மாலை 5:20

திருத்தவில்லை மேடம். டிக் போட்டிருந்தது.

நீங்கள் ரெக்கார்டு பற்றிச் சொன்னதால் இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். ப்ராசஸ் ரெக்கார்டிங்கில் நோயாளி சொன்னது, நான் சொன்னது, நான் பயன்படுத்திய உத்தி என்று கட்டங்கள் உண்டல்லவா? மூன்றாவது வாரம் அந்த எதிர்க் கட்டில் அக்கா திடீரென்று தன் பெண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கல்யாணம் ஆகிவிட்டதாம், இவருக்குச் சொல்லவே இல்லையாம், பக்கத்து ஊர்க்காரர் சொல்லித்தான் தெரியுமாம். "பந்தியில என் எலைல யாரு உக்காந்திருப்பா?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒரு வார்த்தை வரவில்லை. இரண்டு பேரும் ஜன்னல் வழியாகத் துணி காய்வதையே பார்த்துக்கொண்டு இருந்தோம். இரவு ஹாஸ்டலில் ரெக்கார்டு எழுதும்போது அந்தக் கட்டத்தில் என்ன போடுவது? 'உத்தி: மௌனம்' என்று எழுதினேன். அதற்கும் டிக். ஓரத்தில் 'குட்' என்றுகூட இருந்தது.

என்ன சொல்வதென்று தெரியாமல்தான் சும்மா இருந்தேன் என்று எழுத அந்தத் தாளில் இடமில்லை.

லீட்ஸ் மழை | திங்கள், இரவு 7:05

மதுரைப் பக்கம் படித்துவிட்டு இப்போது இங்கிலாந்தில் வேலை. ஒப்பிட்டுச் சொல்கிறேன், பெருமைக்கு இல்லை.

இங்கே நர்சிங் சேரும்போதே பெரியவர்கள், குழந்தைகள், கற்றல் குறைபாடு, மனநலம் என நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். மனநலம் எடுத்தவர் மனநல நர்ஸாகவே பதிவாகிறார். படிப்பில் 2300 மணி நேரம் வார்டிலும் வெளியிலும் பயிற்சி. மாணவரை ஸ்டாஃப் கணக்கில் சேர்க்கக் கூடாது, கற்றுக்கொள்ள வந்தவர் என்றுதான் கணக்கு. மேற்பார்வைக்கு என்று ஒரு நர்ஸைப் பெயர் சொல்லி ஒதுக்குவார்கள். அவர் பின்னாலேயே போகலாம், இராத்திரி ஷிஃப்ட் உட்பட. மனநல வார்டில் பெரும்பாலும் யூனிஃபார்ம் கிடையாது. முதல் நாள் யார் நர்ஸ், யார் நோயாளி என்று எனக்குப் புரியவில்லை, தவறான ஆளிடம் போய் ஹேண்டோவர் (ஷிஃப்ட் மாறும்போது சொல்லும் விவரம்) கேட்டேன்! அவரும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

ஊசி_பயம் | திங்கள், இரவு 7:30

வந்துவிட்டது வெளிநாட்டுப் புராணம். அங்கே ஆள் பற்றாக்குறையே இல்லையா? பிறகு எதற்கு நம் ஊர் நர்ஸை விமானத்தில் ஏற்றுகிறார்கள்?

லீட்ஸ் மழை | திங்கள், இரவு 7:48

இருக்கிறது, நிறையவே. ஷிஃப்டில் ஆள் குறைந்தால் அந்த மேற்பார்வை நர்ஸுக்கும் மாணவரிடம் பேச நேரம் இருக்காது. நான் சொர்க்கம் என்று சொல்லவில்லை. இராத்திரியையும் காட்டிக் கற்றுக்கொடுத்தால், பயந்து போகிறவர் முதலிலேயே போய்விடுவார், நிற்கிறவர் தெரிந்தே நிற்பார் என்றுதான் சொன்னேன். நைட் டூட்டி அக்கா சொன்னதற்குப் பதில்.

சுன்னாகத்தான் | திங்கள், இரவு 9:10

யாழ்ப்பாணத்திலிருந்து. தாதிய மாணவனாக இருந்த காலத்தில் எனக்கு நடந்த ஒரு சின்ன மாற்றம் மட்டும்.

எங்கட பக்கம் ஆரையும் பகிடி பண்ண 'அங்கொடை கேஸ்' என்று சொல்லுவம். கொழும்புப் பக்கம் உள்ள பெரிய மனநல ஆஸ்பத்திரி அங்கொடையில் இருந்ததால் வந்த பேச்சு. பயிற்சிக்கு மனநல விடுதியில் நின்றபோது ஒரு தம்பி, என்னை விட நாலு வயது குறைவு, என்னோடு தினமும் கிரிக்கெட் கதைப்பான். ஒரு நாள் பெடியளோடு கதைத்துக்கொண்டு நிற்கையில் எனக்கு அந்தச் சொல் வாயில் வந்துவிட்டது. அவன் பின்னுக்கு நின்றவன். ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுக்க கிரிக்கெட் கதைக்கவில்லை. பிறகு நான் அந்தச் சொல்லைச் சொன்னதேயில்லை. துறைக்குப் போனேனா? இல்லை, இப்ப சிறுநீரகப் பிரிவில் நிற்கிறன்.

இழைக்காவலர் | திங்கள், இரவு 9:25

சென்னையில் 'கீழ்ப்பாக்கம்' அதே வேலையைச் செய்கிறது. அங்கே இருக்கும் மனநல ஆஸ்பத்திரி 1794-இல் தொடங்கியது. இருநூறு வருடம் தாண்டியும் ஊர்ப் பெயரே திட்டாக இருக்கிறது. இந்த இழையில் அப்படிப் பயன்படுத்திய இரண்டு பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன். யாரென்று அவர்களுக்குத் தெரியும்.

வாசலில் நிற்பவன் | செவ்வாய், காலை 1:15

நான் நர்ஸும் இல்லை, டாக்டரும் இல்லை. என் அண்ணனுக்கு 16 வருடமாக ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு). வருடத்துக்கு ஒரு தடவையாவது அட்மிஷன். நீங்கள் எல்லோரும் உங்கள் மனம் மாறியதைப் பேசுகிறீர்கள். கட்டிலில் இருக்கிறவன் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேசலாம் என்று நினைக்கிறேன்.

'நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள்' என்ற கேள்வி என் அண்ணனுக்கு மனப்பாடம். யூனிஃபார்ம் போட்ட பிள்ளை நோட்டோடு வந்து உட்கார்ந்ததுமே கேட்கும் முன்பே "93, 86, 79, 72, 65, போதுமா பாப்பா?" என்பான். கவனம் நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போவார்கள். அவனுக்கு உண்மையில் கவனம் நிற்காது. டீ டம்ளரை எங்கே வைத்தோம் என்று தெரியாது. பாட்டாகப் பாடுகிறான், அவ்வளவுதான். தெருவில் ஸ்டாம்ப் ஒட்டின கடிதம் கிடந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு தடவை கேட்டார்கள். "கடிதம் எழுதறவனைக் கண்டுபிடிச்சு இங்க அட்மிட் பண்ணுவேன்" என்றான். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம்.

எனக்குக் கோபம் கேள்விகள் மேல் இல்லை. நான்கு வாரம் தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, குடும்பக் கதை முழுக்கக் கேட்டு, பிறகு ஒரு சனிக்கிழமையோடு காணாமல் போய்விடுகிறீர்கள். திங்கட்கிழமை அண்ணன் சவரம் செய்துகொண்டு, சட்டை மாற்றிக்கொண்டு பத்து மணி வரை வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பான். அப்புறம் புது முகங்கள் வரும். மறுபடி 93, 86. இத்தனை வருடத்தில் ஒரே ஒரு பெண் மட்டும், போவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே "அண்ணா, அடுத்த வெள்ளி எனக்குக் கடைசி நாள்" என்று சொல்லி, அந்த வாரம் தினமும் எத்தனை நாள் பாக்கி என்று அவனையே எண்ணச் சொன்னாள். கடைசி நாள் கேரம் ஆடித் தோற்றுவிட்டுப் போனாள். வேண்டுமென்றே தோற்றாள் என்று அண்ணன் இன்றைக்கும் சொல்வான். அவள் பெயர் மட்டும் அவனுக்கு நினைவிருக்கிறது.

அவள் மனநலத் துறைக்கு வந்தாளா என்று தெரியாது. வரவில்லை என்றாலும் எனக்கு ஒன்றும் குறையில்லை.

சிவப்புப் பேனா | செவ்வாய், காலை 6:10

ஐயா, நீங்கள் சொல்வது எங்கள் பாடத்தில் இருக்கிறது. உறவை முடித்துவைக்கும் கட்டம், ஐந்து மதிப்பெண் கேள்வி. வருடா வருடம் பரீட்சைத் தாளில் திருத்துகிறேன். வார்டில் அதைச் செய்தார்களா என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கடைசி நாள் எங்களுக்கு ரெக்கார்டு கையெழுத்து நாள். அவசரத்தில் ஓடிக்கொண்டிருப்போம். அடுத்த பேட்ச் பதினைந்தாம் தேதி தொடங்குகிறது. கடைசி வாரத்தில் ஒரு ரெக்கார்டைக் குறைத்துக்கொள்ள துறைத் தலைவரிடம் கேட்கப் போகிறேன். என்ன சொல்வார் என்று தெரியும். ஆனாலும் கேட்பேன்.

நைட் டூட்டி அக்கா | செவ்வாய், காலை 8:40

டூட்டி முடித்து பஸ்ஸில் படித்தேன். மாணவிகள் போனபின் வரும் திங்கட்கிழமை வார்டில் சண்டை கூடுவதை நாங்கள் பார்ப்பதுண்டு, 'திங்கட்கிழமை சண்டை' என்போம். ஏன் என்று இத்தனை வருடத்தில் நான் யோசித்தது கிடையாது. யூனிஃபார்ம், நீ சொல்லிவிட்டு வந்தாயா?

கஞ்சிபோட்ட யூனிஃபார்ம் | செவ்வாய், இரவு 9:30

இல்லை அக்கா. கடைசி நாள் மதியம் அந்த எதிர்க் கட்டில் அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப வேண்டாம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

கஞ்சிபோட்ட யூனிஃபார்ம் | அடுத்த ஞாயிறு, மாலை 6:45

நேற்று டியூட்டரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு பார்வையாளர் நேரத்தில் போய் வந்தேன். சாதாரண சுடிதார், பின்னல். வாசலில் செக்யூரிட்டிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, "யாரைப் பாக்கணும்?" என்றார். அந்தக் கேள்விக்குப் பெயர் சொல்லிப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்து வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "திங்கக்கெழம பேன் பாத்து தல பின்னிட்டு உக்காந்திருந்தேன்" என்றார். மன்னிச்சுக்குங்க அக்கா, சொல்லாமல் போய்விட்டேன், இனி போஸ்டிங் இல்லை, இன்றைக்குச் சொல்லத்தான் வந்தேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. இந்தத் தடவை மௌனம் என் உத்தி இல்லை, அவருடையது. அப்புறம் பக்கத்தில் தட்டி உட்காரச் சொன்னார். அவரே கேட்டார்: "படிப்பு முடிஞ்சு இங்கதான் வருவியா?" தெரியவில்லை அக்கா, வீட்டில் வெளிநாடு போகச் சொல்கிறார்கள், அரசு வேலைக்கான எம்.ஆர்.பி. பரீட்சையும் எழுத வேண்டும் என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. "சரி, போ. காசு வேணுமில்ல" என்றார்.

ரெக்கார்டை டியூட்டரிடம் திருப்பி வாங்கி 'கான்க்ரீட்' என்பதை அடித்துவிட்டதையும் அவரிடம் சொன்னேன். அவருக்கு அந்த வார்த்தை புரியவில்லை. ஆனால் அம்மி ஞாபகம் இருந்தது.

கிளம்பும்போது கதவு வரை வந்து, "அடுத்த பேட்ச் பொண்ணுங்க எப்ப வராங்க?" என்று கேட்டார். பதினைந்து நாளில் என்றேன்.

"பழமொழிய மாத்திக் கேக்கச் சொல்லு. இது சலிச்சுப் போச்சு."